குழி தோண்டியது யார்? – தோட்டம்: வாசகர் கேள்வி, பதில்

பிசான நெல் அறுவடை முடிகிற மாசி மாதத்தில் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணாச்சி, தோட்டத்தைத் தோண்டிப் போடுது, என்ன செய்ய?" இந்த முறை வந்தவற்றில் நான்கை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளம். அந்த வாசகர் கடிதத்தோடு ஏழு படங்களும் அனுப்பியிருந்தார். படம் இல்லாமல் இந்த விஷயத்தில் பதில் சொல்லுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நாடி பார்ப்பது மாதிரி. இனி எழுதுகிறவர்களும் படம் அனுப்புங்கள்.

*

பாளையங்கோட்டை பெருமாள்புரத்திலிருந்து, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர்:

"வீட்டு முன்னால் அரை சென்ட் அளவுக்குக் கொரியன் புல் போட்டிருக்கிறேன். இரண்டு வருஷம் பாய் விரித்த மாதிரி இருந்தது. ஒரு மாதமாக ராத்திரியில் ஏதோ வந்து மண்ணைக் குவித்துப் போடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் படத்தைக் காட்டினேன். 'அப்பா, இது மோல். இங்கே நிறைய வீட்டில் உண்டு. விளக்கெண்ணெயைக் கரைத்து ஊற்றுங்கள், ஓடிவிடும்' என்றான். ஒரு லிட்டர் விளக்கெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். மறுநாள் புதிதாக இரண்டு குவியல். வேலைக்கு வருகிறவர் எலி மருந்து வைக்கலாம் என்கிறார். வீட்டில் நான்கு வயதுப் பேத்தி இருக்கிறாள். பயமாக இருக்கிறது."

உங்கள் மகன் சொன்னதில் தப்பில்லை. அவர் இருக்கும் ஊருக்கு அது சரி. ஆனால் மோல் என்கிற அந்தப் பிராணி, தமிழில் அகழெலி என்று எழுதுகிறார்களே, அது நம் தென்னாட்டில் கிடையாது. இந்தியாவில் இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும்தான் உண்டு. பெயரில் எலி இருந்தாலும் அது எலிச் சாதியும் இல்லை. மண்புழுவும் மண்ணுக்குள் கிடக்கும் புழு பூச்சியும்தான் அதற்குச் சாப்பாடு. கிழங்கையோ வேரையோ அது கடிக்காது. அதனால் அதை விரட்டுகிற வழி நம் ஊர்க் குழிக்குச் செல்லாது. ஒரு லிட்டர் விளக்கெண்ணெய் போனதுதான் மிச்சம்.

இப்போது உங்கள் படங்களுக்கு வருவோம். ஏழில் ஐந்து படம் ஒரு கதை சொல்லுகிறது, மற்ற இரண்டு வேறு கதை. முதல் ஐந்தில் மண் கட்டி கட்டியாக ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. பக்கத்திலேயே உள்ளங்கை அகலத்துக்கு வாய். இரண்டு வாய் திறந்திருக்கிறது, ஒன்றை உள்ளிருந்து ஈரமண் வைத்து அடைத்திருக்கிறது. நாலாவது படத்தில் சுற்றுச்சுவர் அடியில் ஒரு வாய் போகிறது பாருங்கள், அதுதான் வீட்டு வாசல். புல்லில் இருப்பதெல்லாம் கொல்லைப்புறக் கதவுகள். இது பெருச்சாளி. எங்கள் பக்கம் பெருக்கான் என்போம். அகழெலியின் குவியலில் இப்படித் திறந்த வாய் தெரியாது. மாவு சலித்துக் கொட்டிய மாதிரி பொலபொலவென்று கூம்பாக இருக்கும்.

பெருக்கான் ஏன் புல்தரைக்கு வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். பெருமாள்புரம், மகாராஜ நகர் எல்லாம் வீடுகளாகிவிட்டாலும் சுற்றுவட்டாரத்தில் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இன்னும் வயல் மிச்சம் இருக்கிறது. பிசானத்தில் நெல் பால் பிடிக்கும்போது வரப்பில் குடித்தனம் வைத்த எலி, கதிர் அறுத்ததும் தீனியில்லாமல் பக்கத்துத் தோட்டத்துக்கு நகரும். மாசி வெயிலில் வயல் வரப்பு இறுகிக் கல்லாகும்போது, சாயங்காலம் தோறும் தண்ணீர் தெளித்த உங்கள் புல்தரை பஞ்சு மாதிரி இருக்கும். போதாததற்கு உங்கள் புல்லுக்கு நடுவில் கோரை முளைத்திருக்கிறது, மூன்றாவது படத்தில் நன்றாகத் தெரிகிறது. கோரைக்கிழங்கு அதற்குப் பிடித்த தீனி. சுவரோரம் நாய்க்கு வைத்த சோற்றுத் தட்டும் படத்தில் இருக்கிறது. ராத்திரி அதை எடுத்து உள்ளே வையுங்கள். இன்றைக்கே.

சின்ன வயதில் வீரவநல்லூரில் எங்கள் வயலில் அறுப்பு முடிந்த மறுநாள் எலி பிடிக்கிறவர்கள் மண்வெட்டியோடு வருவார்கள். ஒவ்வொரு வளையையும் வெட்டிக்கொண்டே போனால் கடைசி அறையில் கதிரைக் கத்தரித்து அடுக்கி வைத்திருக்கும். ஒரு பெரிய வளையில் மரக்கால் நெல் எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அவர்களில் வயதான ஒருவர் என்னிடம் சொன்னது இன்றைக்கும் உதவுகிறது: "வளை வாயில மண்ணு ஈரமா இருந்தா ஆளு வீட்டுல இருக்கான்னு அர்த்தம், தம்பி." அதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும். இன்று சாயங்காலம் எல்லா வாயையும் மண் வைத்து மிதித்து மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. ஏழு எட்டு வாய் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ பெருக்கான்தான் இருக்கும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மா சொல்லவில்லை. வளர்ந்த பெருக்கான் இன்னொன்றைத் தன் வளைக்குள் விடாது, சண்டைக்குப் போகும். ஆனால் தாமதிக்கக் கூடாது. சூல் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். ஒரு ஈற்றில் ஆறு ஏழு குட்டி போடும்.

திறந்த வாய்க்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, பெரிய கம்பிக் கூண்டு வையுங்கள். சுண்டெலிக்கு வைக்கிற சின்னப் பொறி பெருக்கானுக்குக் காணாது. சுட்ட தேங்காய்ச் சில்லு அல்லது கருவாடு வையுங்கள். முதல் இரண்டு மூன்று ராத்திரி கூண்டுக் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே விடுங்கள். வந்து தின்றுவிட்டுப் போகட்டும். இதைத்தான் எல்லோரும் அவசரப்பட்டு விட்டுவிடுகிறார்கள். புதுப் பொருளைக் கண்டால் அதற்குச் சந்தேகம் வரும். பழகிய பிறகு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கதவைத் தூக்கி வைத்தால் விழும். விழுந்ததை வெறுங்கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தால்தான் பரவுகிறது. கொண்டுபோய்க் கால்வாய்க் கரையில் விடுவது தர்மமாகத் தோன்றும். ஆனால் அது அடுத்தவன் வரப்புக்குத்தான் போகும். நான் சாக்கில் வாங்கி ஒரே அடியில் முடித்து, இரண்டடி ஆழத்தில் புதைப்பேன். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமான வேலைதான். ஆனாலும் ஒட்டுப் பலகையில் இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்து சாவதைவிட அது மேல். ஒட்டுப் பலகையைத் தோட்டத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அணிலும் ஓணானும் ஒட்டிக்கொள்ளும்.

இனி மருந்து. உங்கள் பயம் சரியான பயம். நான் வேளாண் துறையில் வேலை பார்த்த காலத்தில் சிங்க் பாஸ்பைடைப் பொரியில் கலந்து வைக்க எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வயலில், சரியாகச் செய்தால், அது வேலை செய்யும். 1994-ல் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் அதையே வைத்தேன். விடிகாலையில் எழுந்து எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் ஆச்சி எழுந்து கோழியைத் திறந்துவிட்டார்கள். ஆறு கோழி. ஆச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானே குழி வெட்டிப் புதைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து வீட்டுக் கொல்லையில் நான் அந்த மருந்தை வைத்ததில்லை. வைக்கச் சொன்னதும் இல்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்க் பாஸ்பைடு வயிற்றுக்குள் போனதும் பாஸ்பின் என்கிற விஷவாயுவாக மாறும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. எலிக்கும் அப்படித்தான், கோழிக்கும் குழந்தைக்கும் அப்படித்தான். கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி அப்புறம் அந்தத் தீனிப் பக்கமே வராது. வளைக்குள் போடுகிற மாத்திரை, நெல் மூட்டைக்கு வைப்பது, அலுமினியம் பாஸ்பைடு, அதுவும் அதே வாயுதான். அதை வீட்டுப் பக்கம் யாரும் கொண்டுவரக் கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ட்யூபில் வந்துகொண்டிருந்த மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்குத் தமிழ்நாட்டில் நிரந்தரத் தடை இருக்கிறது. எங்கேயாவது பழைய சரக்கை நீட்டினால் வாங்காதீர்கள். நீல நிறக் கட்டியாகக் கடையில் கிடைக்கும் புரோமேடியோலோன் வேறு வகை. ரத்தம் உறையாமல் செய்து நாலைந்து நாளில் கொல்லும். அதற்கு வைட்டமின் கே1 முறிவு உண்டு. என்றாலும் செத்த எலியைத் தின்கிற நாயும் கூகை ஆந்தையும் சேர்ந்து பாதிக்கப்படும். பேத்தி ஓடியாடுகிற புல்தரையில் அதுவும் வேண்டாம். கூண்டே போதும்.

பிடித்த பிறகுதான் முக்கிய வேலை இருக்கிறது. காலி வளை காலியாகவே இருக்காது, அடுத்தது வந்து குடியேறும். சுவரடி வாயில் உடைந்த கண்ணாடித் துண்டும் சிமென்ட் கலவையும் போட்டு அடையுங்கள். சுற்றுச்சுவர் நெடுகிலும் ஒன்றரையடி ஆழத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையைப் புதைத்து, அடி விளிம்பை வெளிப்பக்கம் மடக்கி விட்டால் அது கீழே தோண்டிக்கொண்டு வந்தாலும் முட்டிக்கொண்டு திரும்பும். செலவு ஒருமுறைதான். புல்தரையில் விழுந்த குழியில் மணலும் மண்ணும் கலந்து நிரப்பி, தண்ணீர் விட்டு அமுக்கினால் இரண்டு மாதத்தில் கொரியன் புல் மூடிவிடும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வளைக்குள் குழாயை நுழைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது. சுவரடி வளையில் அப்படிச் செய்தால் பெருக்கான் இன்னொரு வழியாக வெளியேறிவிடும், சுவர்தான் உட்காரும்.

வளைக்குள் கையை விடவே கூடாது. நல்ல பாம்பு சொந்தமாகத் தோண்டாது, எலி தோண்டியதில்தான் குடியிருக்கும். இதற்கு விளக்கம் தேவையில்லை.

அப்புறம் மீதி இரண்டு படம். புல்லுக்கு அடியில் விரல் கனத்துக்கு மண் உப்பிக்கொண்டு வளைந்து வளைந்து போகிறதே, அது பெருக்கான் வேலையே இல்லை. அது பிள்ளைப்பூச்சி. முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி மாதிரி இருக்கும், அகழெலியின் கையைப் போலவே. உங்கள் மகன் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் ஏமாந்திருப்பார் என்று நினைக்கிறேன். உறுதி செய்வது சுலபம். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, அந்தக் கோடு இருக்கும் இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பில் ஊற்றுங்கள். சில நிமிஷத்தில் மேலே ஏறி வரும். பொறுக்கி எடுத்துக் கோழி வளர்க்கிறவர்களிடம் கொடுத்துவிடலாம். சாயங்காலத் தண்ணீரை நிறுத்தி, காலையில், இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள். சதா ஈரமாக இருக்கும் மண்ணில்தான் அது பெருகும். வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கித் தூவித் தண்ணீர் விட்டால் மெல்ல மெல்லக் குறையும்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் படம் அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.

*

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி:

"என் மகள் இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் வீடு வாங்கியிருக்கிறாள். பின்னால் புல்வெளி. அதில் முப்பது நாற்பது மண்குவியல். அங்கே அதை மோல் என்கிறார்களாம். நான் வைகாசியில் போகிறேன். கையோடு இங்கிருந்து ஏதாவது மருந்து கொண்டுபோகலாமா?"

வேண்டாம்மா. எந்த மருந்தையும் விமானத்தில் கொண்டுபோகாதீர்கள். எலி மருந்து அங்கே உதவவும் செய்யாது. அது தானியம் தின்கிற பிராணி இல்லை, புழு தின்கிற பிராணி. பொரியையும் அரிசியையும் திரும்பிக்கூடப் பார்க்காது.

உங்கள் மகளுடையது அசல் அகழெலிதான். எனக்கு அந்தப் பிராணியைப் பற்றிப் படிக்கப் படிக்க மதிப்பு கூடித்தான் போயிற்று. நூறு கிராம் சுமார் எடை. வெல்வெட் மாதிரி ரோமம், முன்னாலும் பின்னாலும் எந்தப் பக்கம் தடவினாலும் படியும், அதனால் சுரங்கத்தில் பின்வாக்கிலும் போகும். ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதிக்கு மேல் தின்றாக வேண்டும். மண்புழுவின் தலைப்பக்கத்தைக் கடித்து, சாகாமலும் நகராமலும் செய்து, நூற்றுக்கணக்கில் அறையில் சேர்த்து வைக்கும். நம் பெருக்கான் நெல்லைச் சேர்க்கிற மாதிரி. நாற்பது குவியல் என்றதும் நாற்பது பிராணி என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒன்றுதான். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும்தான் குவியல் மிகுதியாகத் தெரியும். நீங்கள் போய்ச் சேரும்போது பாதி அடங்கியிருக்கும்.

புல்வெளி அழகுக்குத்தான் என்றால், காய்ந்த பிறகு அந்த மண்ணை அள்ளிப் பூந்தொட்டிக்குப் போடச் சொல்லுங்கள். நல்ல மண். பிள்ளைகள் ஓடி விளையாடி இடறி விழுவார்கள் என்றால் மட்டும் பிடிக்கட்டும். இடறுவது சின்ன விஷயம் இல்லை. 1702-ல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் வில்லியம் ஏறிப்போன குதிரை அகழெலிக் குவியலில் இடறியது. விழுந்து காரை எலும்பு முறிந்த அவர் கொஞ்ச நாளில் இறந்துபோனார்.

பிடிக்கிற முறை பொறிதான். முன்பு அங்கே ஸ்டிரிக்னின் விஷம் வைப்பார்கள். 2006-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு புதுக் குவியலுக்கு நடுவே மெல்லிய கம்பியைக் குத்திப் பார்த்தால், நாலைந்து அங்குலத்தில் கை சட்டென்று இறங்கும், அதுதான் சுரங்கம். அதைத் திறந்து, கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு அல்லது கையுறை போட்டுக்கொண்டு பொறியை வைத்து, வெளிச்சம் துளியும் புகாமல் மூட வேண்டும். தினமும் பார்க்க வேண்டும். உயிரோடு பிடிக்கிற பொறி என்றால் அடிக்கடி பார்க்க வேண்டும், பட்டினி கிடந்தால் அது சீக்கிரம் செத்துவிடும். அங்கே விலங்கை வதைத்தால் சட்டப்படி குற்றம். இதற்கென்றே தலைமுறையாகத் தொழில் செய்கிறவர்கள் அங்கே உண்டு, பிடித்தால்தான் காசு வாங்குகிறவர்களும் உண்டு. உங்கள் மகள் அவர்களைக் கூப்பிடுவதே நல்லது.

விளக்கெண்ணெய்? அகழெலிக்கு அந்த வாடை ஆகாது என்று அமெரிக்காவில் விற்கிறார்கள். கொஞ்ச நாள் விலகியிருக்கும், நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். இங்கிலாந்து மழைக்கு அதை நம்ப முடியாது. சுரங்கத்தில் கண்ணாடித் துண்டு போடுவது, பூண்டு வைப்பது, சத்தம் போடுகிற குச்சி நடுவது, இதெல்லாம் பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு. புழுவே இல்லாமல் செய்துவிட்டால் போய்விடும் என்று சிலர் மண்ணுக்கே பூச்சிமருந்து அடிக்கிறார்கள். மண்புழுவைக் கொன்று புல்லைக் காப்பாற்றுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

*

கடையம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி:

"அண்ணாச்சி, இருபது சென்டில் சிறுகிழங்கு போட்டேன். தைக்குத் தோண்டும்போது மூன்றில் ஒரு பங்கு எலி கடித்த கிழங்கு. பக்கத்துக்காரர் மின்வேலி போடச் சொல்லுகிறார்."

முதலில் மின்வேலி. தம்பி, அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். கம்பியில் திருட்டு மின்சாரம் கொடுத்து எலிக்கு வைத்ததில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன மனிதன் செத்த கதை நம் பக்கம் எந்தக் கிராமத்தில் கேட்டாலும் சொல்லுவார்கள். அதன் மேல் வழக்கும் சிறையும்.

சிறுகிழங்கு நம் திருநெல்வேலிச் சீமையின் கிழங்கு. பொங்கலுக்கு அது இல்லாமல் எங்கள் வீட்டில் இலை போட்டதில்லை. அதனால் உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. கிழங்குப் பயிரில் எலி சேதத்தை மேலேயிருந்து பார்க்க முடியாது. கொடி பச்சையாகத்தான் இருக்கும், அடியில் காலியாகியிருக்கும். ஆகவே அடுத்த பட்டத்தில் கார்த்திகையிலிருந்தே வாரம் ஒருமுறை வரப்பைச் சுற்றி வாருங்கள். கிழங்கு பருக்கத் தொடங்கும் முன்னால் பிடித்தால் நாலு எலி, அறுவடையில் பிடித்தால் நாற்பது.

வரப்பைக் குறுக்குங்கள். உங்கள் ஊரில் வரப்பு மேல் இரண்டு ஆள் சேர்ந்து நடக்கலாம், பார்த்திருக்கிறேன். அகல வரப்பு எலிக்கு மாளிகை. ஓரடிக்கு மேல் வேண்டாம். அதில் அருகும் கோரையும் மண்ட விடாதீர்கள். வயலைச் சுற்றி மூங்கில் கிட்டிப் பொறி வையுங்கள், தஞ்சாவூர்க் கிட்டி என்று சொல்லுகிறோமே, அது. இழுத்து வளைத்த மூங்கில்தான் அதற்கு வில். மருந்து செலவில்லை. உங்கள் ஊரில் செய்யத் தெரிந்த ஆள் இல்லையென்றால் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் சொல்லி வாங்கலாம்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. காய்ந்த தென்னை மட்டையைத் தலைகீழாக, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி, வயலுக்குள் அங்கங்கே நட்டு வையுங்கள். ராத்திரி கூகை வந்து உட்கார அது மேடை. கூகை ஒரு குடும்பம் குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் ஒரு ராத்திரிக்கு எத்தனை எலி கொண்டுபோகிறது என்பதை சேரன்மகாதேவியில் ஒரு பழைய நெற்களஞ்சியத்தில் நானும் இன்னொரு அலுவலரும் உட்கார்ந்து எண்ணினோம். நடுச்சாமத்துக்குள்ளேயே ஏழு. அந்தக் களஞ்சியத்துக்காரர் அதற்கு முந்தின வருஷம்தான் "வீட்டுக்கு ஆகாது" என்று கல்லெறிந்து விரட்டியிருந்தார். நம் ஆட்கள் கூகை கத்தினால் சாவு வரும் என்கிறார்கள். கூகை கத்தாத ஊரில்தான் பத்தாயம் காலியாகும். சாரைப்பாம்பும் அப்படித்தான். விஷம் இல்லை, நேராக வளைக்குள் இறங்கிக் குட்டியோடு தின்றுவிட்டு வரும். தடியைத் தூக்குவதற்கு முன்னால் அது சாரையா என்று ஒரு நிமிஷம் பாருங்கள். தெரியாவிட்டால் தள்ளி நின்று போக விடுங்கள்.

பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் பிடித்தால் அவர் வரப்பிலிருந்து நாலாம் நாள் வந்து நிரம்பும். பத்து பேர் ஒரே வாரத்தில் செய்தால் அந்தப் பட்டம் தப்பிக்கும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வயதாகிவிட்டது, இருந்தாலும் மறுபடியும் சொல்லுகிறேன்.

*

திருநெல்வேலி டவுனிலிருந்து, எட்டாம் வகுப்பு படிக்கும் மாணவி:

"தாத்தா, எங்கள் வீட்டு அடுப்படிக்கு ராத்திரி கீச் கீச் என்று கத்திக்கொண்டு ஒன்று வருகிறது. மூக்கு நீளம். அப்பா எலி என்று அடிக்கப் போகிறார். அம்மா அது பிள்ளையார் வாகனம், அடிக்கக் கூடாது என்கிறார். யார் சொல்லுவது சரி?"

அம்மா பக்கம்தான் நானும், கண்ணு. அது மூஞ்சூறு. எலியே இல்லை. எலிக்கு முன்பல் உளி மாதிரி இருக்கும், இதற்கு ஊசி மாதிரிச் சின்னச் சின்னப் பல். மேலே ஒரு அம்மாவுக்கு எழுதினேனே அகழெலி, அதற்குத்தான் இது தூரத்துச் சொந்தம். இரண்டுக்கும் சாப்பாடு பூச்சி. உங்கள் அடுப்படிக்கு அது அரிசிக்காக வரவில்லை, கரப்பானுக்காக வருகிறது. கண் பார்வை குறைவு என்பதால் சுவரை ஒட்டியே போகும், நீ டார்ச் அடித்தால் பார்க்கலாம். உடம்பிலிருந்து ஒரு நாற்றம் வரும், அதனால்தான் பூனைகூடப் பிடித்துவிட்டுத் தின்னாமல் போட்டுவிடும்.

அப்பாவிடம் கம்பை வைத்துவிட்டு, பின்கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் ஒரு ரப்பர் பட்டை அடிக்கச் சொல். அங்கணக்குழி வாயில் கம்பி வலை போடச் சொல். அது தோட்டத்திலேயே இருந்துகொள்ளும். மழைக்காலத்தில் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டால், செடிக்கு அடியில் அதன் கீச் சத்தம் கேட்கும்.